அத்தை வீட்டு மஞ்சள் தண்ணீர்

நான் அத்தை என்று கூப்பிடுகிறவள்தான் என்னைப் பெற்றவள். அது எனக்குப் பதினேழு வயதில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரால் தெரிய வந்தது. அந்தத் தண்ணீர் என் தலையில் கொட்டியிருந்தால் சிரித்துவிட்டுச் சட்டையைப் பிழிந்து காயப்போட்டிருப்பேன். இன்று வரை எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அப்பாவுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவே, மிக்சி கிரைண்டர் ரிப்பேர் செய்யும் கடை. ஆள் குறுக்காகத் திரும்ப முடியாத அகலம். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை பரீட்சைக்கே போகவில்லை. லாட்ஜில் ரூம் பாயாக நாலு மாதம், பரோட்டாக் கடையில் இரண்டு மாதம், கேட்டரிங் வண்டியில் கொஞ்ச நாள் என்று இருந்தேன். யாரும் துரத்தவில்லை. கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

அத்தை அப்பாவின் தங்கை. திருவாதவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். மாமா விவசாயம். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மகள் என்னைவிட ஒன்றரை வயது இளையவள், மேலூரில் பதினொன்று படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை மகள் என்றால் எனக்கு முறைப்பெண். அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே எங்கள் சொந்தத்தில் அதுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் இடதுகைப் பழக்கம். இலையில் உட்கார்ந்து இரண்டு பேரும் இடக்கையைச் சோற்றில் வைத்து அடிவாங்கும்போது, "பாருங்கடி சோடிப் பொருத்தத்த" என்று சித்திமார்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

வைகாசியில் அத்தை ஊரில் அம்மன் கோயில் பொங்கல். முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்த மறுநாள் மஞ்சள் தண்ணீர். முறைப்பெண்கள் குடத்தோடு முறைப்பையன்களைத் துரத்தித் துரத்தி ஊற்றுவார்கள். யார் மேல் ஊற்றலாம், யார் மேல் ஊற்றக்கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அண்ணன் தம்பி முறையுள்ளவன் நடந்து வந்தால் பெண்கள் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வழிவிடுவார்கள். மற்றவன் வந்தால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

நான் ஓடவில்லை. அத்தை வீட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அத்தை மகள் குடத்தோடு வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள்.

"ஊத்துடி. ஒன் மச்சான் ஓடாம நிக்கிறான் பாரு, ஆசையா."

"புதுச் சட்ட போட்டு வந்திருக்காரு மதுரக்காரரு. விடாத!"

அவள் குடத்தைத் தூக்கினாள். அடுப்படியிலிருந்து அத்தை கையெல்லாம் மாவோடு ஓடி வந்தாள். மகளின் கையிலிருந்த குடத்தைத் தட்டிவிட்டு, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"அவன் மேல ஊத்தாதடி! யாரக் கேட்டு ஊத்த வந்த?"

குடம் உருண்டு போய் வாய்க்காலில் விழுந்தது. அவள் கன்னத்தில் மாவு அப்பியிருந்தது. அழக்கூட இல்லை. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் ஒருத்தி, "டென்த்து பெயிலுக்குப் பொண்ணு இல்லன்னு சொல்லாமச் சொல்றா" என்றாள். இன்னொருத்தி, "அண்ணன் மகனவிடப் பெரிய எடமாப் பாத்துட்டா போல" என்றாள்.

பெரியப்பா அங்கேதான் இருந்தார். அப்பாவின் அண்ணன். எங்கள் சொந்தத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவர் சொல்தான் முதல் சொல்.

"ஏத்தா, என் தம்பி மகன் மேல மஞ்சத்தண்ணி ஊத்த ஒனக்குக் கசக்குதா?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டு நின்றாள். "ரெண்டு ஞாயித்துக்கெழம போகட்டும். நாங்க அம்புட்டுப் பேரும் வாரோம். பொண்ணு உண்டா இல்லையான்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிரு. படிப்பு முடிஞ்சப்புறம் கல்யாணத்த வச்சுக்குவோம். பேச்சு இப்ப முடியணும்."

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோற்றுப்போனவன் என்பதால்தான் அத்தை அப்படிச் செய்தாள் என்று நினைத்தேன். "இனிமே அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கினார். ஒரு மிக்சியைக் கவிழ்த்து வைத்துத் திருப்புளியால் கழற்றிக்கொண்டே பேசினார். கடைசி வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்களுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருசம் பிள்ள இல்ல. அண்ணன் எனக்கு வேற பொண்ணு பாத்து, தேதி குறிக்கிற வரைக்கும் வந்துருச்சு. ஒங்கம்மா அரளி வெதைய அரைச்சு வச்சிருந்தா. அப்ப நாங்க திருப்பூர்ல இருந்தோம். தங்கச்சி ரெண்டாவது பிரசவத்துக்கு அங்க வந்துச்சு. வந்த அன்னைக்கே சொல்லிருச்சு. இந்தப் பிள்ளைய மதினி வச்சுக்கட்டும், எனக்கு ஒண்ணு இருக்குன்னு. ஆஸ்பத்திரிச் சீட்டுலயே ஒங்கம்மா பேரத்தான் போட்டோம். ஊருக்கு, ஒங்கம்மா மாசமா இருந்தத கண்ணு படும்னு சொல்லலன்னும், தங்கச்சி பிள்ள தங்கலன்னும் சொல்லிவிட்டோம். இது எங்க நாலு பேரத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

அப்பா கழற்றி வைத்த திருகாணிகளை நான் ஒரு டப்பாவில் போட்டேன்.

"ஒண்ணர வருசத்துல அவளுக்குப் பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. தூக்கிட்டு வந்து காட்டுனப்ப எல்லாரும், 'மருமக வந்துட்டா'ன்னாய்ங்க. அப்பத்தான்டா எங்களுக்கு ஒறச்சது."

திருப்புளி கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

பிறகு பல ஊர்களில் வேலை செய்யும்போது இதை யோசித்திருக்கிறேன். அக்கா தன் பிள்ளையைத் தங்கைக்குக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சித்தி மகன் என்றாலும் தம்பிதான், ஊர் அப்படியேதான் கூப்பிடும். அண்ணன் தம்பிக்குள் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் தங்கை அண்ணனுக்குக் கொடுத்தாள். அந்த ஒரு கைமாற்றத்தில் கூடப் பிறந்தவன் எனக்கு மச்சான் ஆனான், கூடப் பிறந்தவள் முறைப்பெண் ஆனாள். நாலு பேரும் நல்லவர்கள்தான். ஒரு பெண்ணைச் சாவிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நினைப்பு இல்லை. முறையைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டார்கள்.

நான் அழவில்லை. பசித்தது. எதிர்க் கடையில் மூன்று பரோட்டா சாப்பிட்டேன். அப்புறம் வந்த பஸ்ஸில் ஏறி, திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டி வரை போய் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். மறுநாளும் அதையே செய்தேன். அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. யாருக்கும் என்னைத் தெரியாது. யார் மகன் என்று யாரும் கேட்காத இடத்தில் டீ குடிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஒம் பெரியப்பா கேக்கும்போது, எனக்கு அவளப் பிடிக்கலன்னு சொல்லிரு. அம்புட்டுத்தான். ஒங்க அத்தையும் முடியாதுன்னு சொல்ல வேணாம். எல்லாம் அடங்கிரும்."

"அவ எனக்குத் தங்கச்சிம்மா."

"அது எனக்குத் தெரியாதா?"

"அத்தன பேருக்கு முன்னாடி பிடிக்கலன்னு சொன்னா, பொண்ணுக்கிட்ட என்ன கொறைன்னு ஊரு கேக்கும். ஏற்கெனவே அடி வாங்கிருக்கா. என்னத்துக்கு அடி வாங்குனோம்னு அவளுக்கு இன்னும் தெரியாது."

"பத்து நாள் பேசுவாய்ங்க. அப்புறம் மறந்துருவாய்ங்க. என்னையப் பேசுனா மறக்க மாட்டாய்ங்க. ஒன்னைய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான்யா நான் இந்தச் சொந்தத்துல நிமிந்து நடந்தேன். மலடின்னு கூப்பிட்ட வாயி எல்லாம் மூடுச்சு. பதினேழு வருசம் கழிச்சு அத நீயே தொறந்து விடாத."

அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் அம்மா தப்பிப்பாள், அத்தை தப்பிப்பாள். தங்கை மட்டும், தாய்மாமன் மகனே வேண்டாமென்று தள்ளிய பெண்ணாக அந்தக் கிராமத்தில் நடமாட வேண்டும். நானும் அதற்குப் பிறகு எந்த முறையிலும் அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. தங்கை இருக்கிறாள் என்று தெரிந்த வாரத்திலேயே அவளை இழக்க எனக்குச் சம்மதமில்லை. அவளிடம் முதலில் சொல்வது என்று முடிவு செய்தேன். மற்றவர்களுக்கு அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வெள்ளியன்று சாயங்காலம் மேலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கோடை விடுமுறையில் டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். கூட மூன்று தோழிகள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "ஏய், ஒன் ஆளு மதுரையிலருந்து வந்து நிக்குதுடி. சட்ட நனையலன்னு வருத்தம் போல" என்றாள். மற்ற இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங்கிட்டப் பேசக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிருக்கு" என்றாள்.

"நீ பேச வேணாம். கேளு."

பழக்கடைப் பக்கம் ஓரமாக நின்றுகொண்டோம். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வாயில் வரவில்லை. அப்பா சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். திருப்பூர், பிரசவம், ஆஸ்பத்திரிச் சீட்டு. சொல்லச் சொல்ல அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இடது கையால்.

முடித்ததும், "பொய்யி" என்றாள்.

"சரி. பொய்யின்னா ஒங்கம்மா ஏன் ஒன்னைய அறைஞ்சுச்சு?"

அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. பக்கத்தில் தோழிகள் பார்த்துக்கொண்டிருந்ததால் துடைக்காமல் நின்றாள். "ஒனக்குப் பொண்ணு தர இஷ்டமில்லாமத்தான் அடிச்சுச்சுன்னு நான் எங்கம்மாகிட்ட அன்னையிலருந்து பேசல" என்றாள். பிறகு கோபம் வந்தது. "இத்தன வருசம் எல்லாரும் சேந்து என்னையக் கேலி பேசுனாங்க. எங்கம்மாவும் கூட நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்துச்சு? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஞாயித்துக்கெழம என்ன சொல்லப் போற?"

"உள்ளதச் சொல்லப் போறேன். ஒனக்குத் தெரியாம சபையில சொல்லக்கூடாதுன்னுதான் வந்தேன்."

"எங்கப்பா வெட்டிப்போடும்."

"போடட்டும்."

அவள் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. தோழிகள்தான் கையாட்டினார்கள்.

சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். "நான் பிடிக்கலன்னு சொல்ல மாட்டேன். நீ வர வேணாம்னா வராத." அம்மா அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் அப்பாவுக்கு முன்னாலேயே சேலை கட்டித் தயாராகிவிட்டாள்.

அத்தை வீட்டில் பதினைந்து பேருக்கு மேல் இருந்தோம். பாய் விரித்திருந்தார்கள். மிக்சரும் காபியும் கொடுத்தார்கள். பெரியப்பா நடுவில். மாமா தூணில் சாய்ந்து நின்றார். பெரியப்பா ஊர் விஷயம், மழை விஷயம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பொண்ணு வீட்ட அப்புறம் கேப்போம். மொதல்ல நீ சொல்லுடா. ஒனக்குச் சம்மதந்தான?"

"அவ எனக்குத் தங்கச்சி, பெரியப்பா."

அவர் சிரித்தார். "இந்தக் காலத்துப் பயலுக எல்லாம் இதத்தான்டா சொல்றாய்ங்க. தங்கச்சி மாதிரி நெனச்சுப் பழகிட்டேன், அக்கா மாதிரி நெனச்சுப் பழகிட்டேன்னு. அதெல்லாம் கல்யாணமானாச் சரியாப் போகும்."

"மாதிரி இல்ல பெரியப்பா. கூடப் பொறந்தவ. அத்தைதான் என்னையப் பெத்துச்சு."

யாரோ காபி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா முதலில் அப்பாவைப் பார்த்தார், அப்புறம் அத்தையை. இரண்டு பேரும் தலை குனிந்திருந்தார்கள். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் தங்கை உள்ளறையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வெள்ளிக்கெழமையே தெரியும் பெரிய மாமா. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் இங்க பேசுது. திட்டாதீங்க."

பெரியம்மாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. அவள் அம்மாவைப் பார்த்து, "அப்ப நீ…" என்று இழுத்தாள்.

அம்மா எழுந்து நின்றாள். நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

"ஆமாக்கா. நான் பெறல. ஒங்க வீட்டுல எனக்குச் சக்களத்தி பாத்துக்கிட்டு இருந்தீங்க, அப்ப ஒரு மகராசி எனக்குப் பெத்துக் குடுத்தா. நான் வளத்தேன். அதுல என்ன கொற கண்டீங்க, இப்பச் சொல்லுங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வராமல் இரண்டு வருடம் இருந்தார். பேச்சும் கிளம்பத்தான் செய்தது. அம்மா சொன்னது போல அதை யாரும் மறக்கவில்லை. சில விசேஷங்களுக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்ட இடத்துக்கு அம்மா போனாள்.

கிளம்பும்போது கிணற்றடியில் அத்தை என் கையைப் பிடித்தாள். "இனிமே என்னைய என்னன்னு கூப்பிடுவ?"

"அத்தைன்னுதான்."

அத்தை கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. "அதுதான் சரி" என்றாள். அவளுக்கு அது சரியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் அதை மாற்றவில்லை. அப்பா அப்பாதான், அம்மா அம்மாதான், அத்தை அத்தைதான். தங்கையின் முறையை மட்டும் சரிசெய்யப் போனேன், அதை மட்டும் செய்துவிட்டு வந்தேன்.

பஸ் ஒத்தக்கடை தாண்டியதும் அம்மா, "காலையிலருந்து ஒண்ணும் திங்கலையேடா" என்றாள்.

மூன்று மாதம் கழித்து போர்வெல் போடும் ரிக் வண்டியில் சேர்ந்து வடக்கே கிளம்பினேன். கோபித்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று இப்போதும் சொந்தத்தில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. எப்படியும் எங்கேயாவது போயிருப்பேன். ஆந்திரா, தெலங்கானா, சத்தீஸ்கர் என்று வண்டி போன இடமெல்லாம் போனேன். உடம்பெல்லாம் பாறைத் தூள், தூக்கம் வண்டிக்கு அடியில். சம்பளம் ஒழுங்காக வந்தது.

தங்கை நர்சிங் சேர்ந்தாள். அவ்வப்போது போனில் பேசுவாள். ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மச்சான் என்று கூப்பிட முடியாது. அண்ணன் என்று அவளுக்கு வாய் வரவில்லை. "ஹலோ, நாந்தான்" என்று ஆரம்பிப்பாள். எனக்கும் அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல வெயில், மழை, சாப்பாடு பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

படிப்பு மூன்றாம் வருடம் நடந்தபோது ஒரு நாள், காலேஜை விட்டு நிற்கப் போவதாகச் சொன்னாள். நான் சத்தீஸ்கரில் ஒரு சோளக்காட்டில் நின்றுகொண்டிருந்தேன். முந்நூறு அடி இறங்கியும் தண்ணீர் வரவில்லை. வண்டி இரைச்சலுக்கு மேல் கத்தினேன். "நான்தான் படிக்காம ஊர் ஊராத் திரியிறேன். ஒனக்கென்ன கேடு? இன்னும் எட்டு மாசந்தான இருக்கு? காலேஜ விட்டன்னா வந்து கால ஒடிச்சுருவேன்" என்றேன்.

"நீ யாரு என்னையக் கேக்க?" என்று அவளும் கத்தினாள்.

சொன்ன பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வண்டியை யாரோ நிறுத்தினார்கள். தொடர்பு அறுந்துவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"திட்டி முடிச்சிட்டியா?" என்றாள் அவள்.

"முடிச்சிட்டேன்."

"இப்ப நான் பேசுறேன், நீ கேளு. ஆஸ்டல்ல ஒருத்தி என்ன பண்ணிட்டான்னா…"

கால் மணி நேரம் ஒரே மூச்சில் பேசினாள். வார்டனைத் திட்டினாள், சாப்பாட்டைத் திட்டினாள், அத்தையைத் திட்டினாள், நடுவில் என்னையும் இரண்டு தடவை திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரனை யாரும் அப்படித் திட்டுவதில்லை. ரிக் வண்டியின் நிழலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். காலேஜை விடவில்லை.